இன்னொருத்தர் தொட்ட திருகு

கடைசித் திருகை இறுக்கியதும் சுகந்தி சாலியான் ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு கைப்பையைத் துழாவுவார். வெளியே வருவது நகப்பூச்சுக் குப்பி. ரத்தச் சிவப்பு. மூடியோடு ஒட்டிய சின்னத் தூரிகையால், திருகின் தலையும் தகடும் சேருகிற இடத்தில் ஒரு பொட்டு வைப்பார். பிறகு குனிந்து, குழந்தைக்குச் சுடுசோறு ஆற்றுவதுபோல அதை ஊதி உலர்த்துவார். யாராவது அந்தத் திருகை நூலளவு திருப்பினாலும் பொட்டு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

"தாலி கட்டினாப்ல," என்பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து. "இனிமே எவன் தொட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும், பட்ரே."

அவருடைய சொந்த நகங்களில் அந்தச் சாயத்தை நான் பார்த்ததே இல்லை.

பட்ரு என்பது நான், அத்திப்பள்ளத் துணைமின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர். சுகந்தியக்கா எங்கள் டிவிஷனின் ரிலே பரிசோதனைப் பொறியாளர். கம்பி அறுந்து விழுந்தாலோ, காற்றில் கமுகு மரம் லைன்மேல் சாய்ந்தாலோ மின்னோட்டம் ஒரே கணத்தில் பொங்கும். அதை மோப்பம் பிடித்து, பிரேக்கரிடம் 'வெட்டு' என்று சொல்கிற பெட்டிதான் ரிலே. அவசரப்பட்டுச் சொன்னால் ஊர் வீணாக இருண்டுபோகும். தாமதித்துச் சொன்னால் ஏதாவது எரியும், அல்லது யாராவது. எவ்வளவு பொங்கினால், எத்தனை நொடியில் குரல் கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு ரிலேயையும் பழக்கிவைப்பது அக்காவின் வேலை.

அவர் பழக்குவதைப் பார்க்கவேண்டும். டெஸ்ட் கிட்டிலிருந்து பொய்யான மின்னோட்டத்தை ரிலேவுக்கு ஊட்டுவார். உள்ளே இருக்கும் வட்டத் தகடு மெல்லச் சுழலத் தொடங்கும். நேரம் காட்டும் கருவி பக்கத்திலேயே இருக்கும், அதைப் பார்க்கமாட்டார். தகட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். சரியான கணத்தில் 'டக்' என்று சின்னக் கொடி விழுந்தால், "என் சமர்த்தே!" பிந்தி விழுந்தால், "என்னடா, ராத்திரி தூங்கலியா? யார் கூட ஊர் சுத்தினே?" நாங்கள் சிரித்தால் திரும்பி முறைப்பார். அவரும் ரிலேயும் பேசிக்கொள்வதில் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை.

இடமில்லை என்பதுதான் அவருடைய குணத்தின் நடுத்தூண். அவர் சரிபார்த்த ரிலேயை இன்னொருத்தர் தொட்டால், தன் சமையலறையில் வேறொருத்தி வந்து புளி கரைத்துவிட்டுப் போனதுபோல முகம் ஆகிவிடும். வேறு யாரையாவது புகழ்ந்தால் அதைவிட மோசம். கேன்டீன்காரரின் நீர்தோசை நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுநாள் வீட்டிலிருந்து அவர் ஒரு அடுக்கு நீர்தோசை கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, நான் கடைசி வாய் விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். "இப்போ சொல்லுங்க." சொன்னேன். வேறென்ன செய்வது?

ஆனால் கேன்டீன்காரரெல்லாம் சில்லறை. அக்காவின் நெஞ்சில் நிலையாகக் கனன்ற அடுப்பின் பெயர் யோகீஷ் அமீன்.

இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். யோகீஷ் பக்கத்து டிவிஷனில் இதே வேலையைச் செய்பவர். உருண்டையான மனிதர், உரக்கச் சிரிப்பவர். எந்த நிலையத்துக்குப் போனாலும் வாட்ச்மேனின் மகள் எந்த வகுப்பு என்று கேட்பார். அவர் வருகிறார் என்றால் ஆபரேட்டர்கள் பங்குடெ மீன் வாங்கிவைப்பார்கள். நான் மீன் தொடாதவன். ஆனாலும் அந்த நாளில் எனக்கும் ஏனோ சந்தோஷமாக இருக்கும். சுகந்தியக்கா வருகிறார் என்றால் நாங்கள் பேனல்களைத் துடைத்துவைப்போம்.

"எனக்கு வேலை செஞ்சாத்தான் கிடைக்கும், பட்ரே. அவனுக்குச் சும்மா நடந்து போனாலே கிடைக்கும்," என்பார் அக்கா. "இடி மின்னல்கூட அவன் ஸ்டேஷன் பக்கம் போகாம என் ஸ்டேஷனாப் பார்த்து இறங்குது. நான் எந்த நாகத்தை அடிச்சேனோ!"

அவர் வீட்டு மிக்ஸியை யோகீஷ் ஒருமுறை சரிசெய்து கொடுத்தாராம். "எவ்வளவு நல்ல மனுஷன்," என்று அக்காவின் கணவர் வாமனண்ணா சொல்லியிருக்கிறார். பால் சங்கத்தில் வேலை பார்க்கும் சாது அவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் தேங்காய் அம்மியில்தான் அரைபடுகிறது என்று அவரே வந்து என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார். அரைப்பது அவர்தான்.

சென்ற ஆடியில் வந்த மழையோடுதான் கதை தொடங்கியது. எங்கள் நிலையத்தின் பதினோராயிரம் வோல்ட் கூடத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் தலைவாசல் பிரேக்கர், காரணமே இல்லாமல் விழ ஆரம்பித்தது. வெளியே எந்த லைனிலும் கோளாறு இல்லை. மழை வலுத்து மின்னல் வெட்டினால் போதும், தலைவாசல் ரிலே கொடியைப் போட்டுவிடும். தாலுகா முழுக்க இருட்டு. ஆஸ்பத்திரியில் பிரசவ அறை டீசல் இயந்திரத்தின் தயவில் ஓடியது. குடிநீர்ப் பம்புகள் நின்றன. போனில் எனக்கு வந்த வசவுகளைச் சேர்த்துவைத்திருந்தால் துளுவில் ஒரு அகராதியே போட்டிருக்கலாம்.

அக்கா வந்தார். ரிலேயைச் சோதித்தார். பொன்போல் வேலை செய்தது. அன்று மாலையே மழையில் மறுபடி விழுந்தது. மறுபடி வந்தார், சோதித்தார், சரியாக இருந்தது, விழுந்தது. கடைசியில் அந்த ரிலேயையே கழற்றிவிட்டுப் புதிது ஒன்றை வைத்தார். பழையதைக் கழற்றும்போது, "உன்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்டா," என்று அதனிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. புதிய ரிலேயும் அடுத்த மின்னலுக்கே விழுந்தது.

"என் ரிலே பொய் சொல்லாது. எங்கேயோ இருந்து யாரோ அதுக்குப் பொய் சொல்றாங்க," என்றார். அது முழு உண்மை. ஆனால் யார், எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது.

எங்கள் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் பெள்ளியப்பா கௌடருக்கு மேலிடத்து நெருக்கடி. யோகீஷைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று அக்கா லீவில் இருந்தார். யோகீஷின் ஜீப் வந்து நின்ற சற்று நேரத்தில், மழைக்கோட்டிலிருந்து நீர் ஒழுக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"என்னக்கா, லீவுன்னு சொன்னாங்களே?" என்றேன்.

"சும்மா இந்தப் பக்கமாப் போனேன்."

எங்கள் நிலையத்தோடு பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ரப்பர் தோட்டம் மட்டும்தான்.

கண்ட்ரோல் அறை மூலையில் நாற்காலியைப் போட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே யோகீஷின் கையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். யோகீஷ் ரிலேயைப் பார்த்தார், சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற கௌடரைப் பார்த்துச் சிரித்தார்.

"ரிலேயில ஒண்ணும் இருக்காது சார். இது சுகந்தியக்கா கை வச்சது."

"அந்த ஐஸை எல்லாம் உன் டிவிஷன்ல வை," என்றார் அக்கா.

அந்த நேரத்தில் யோகீஷின் போன் அடித்தது. அவர் மனைவி. எங்கள் கட்டடத்துக்குள் சிக்னல் நிற்காது. வெளியே யார்டின் ஓரத்தில்தான் கிடைக்கும். வாட்ச்மேனின் குடையை வாங்கிக்கொண்டு மழையில் போனார். போனவர் பேசிக்கொண்டே ஒரு இரும்புப் பெட்டிமேல் சாய்ந்து நின்றார். மின்னோட்டத்தை அளந்து ரிலேவுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளின் கம்பிகள் வந்து சேருகிற பெட்டி அது. பேச்சு நடுவில் குனிந்து பார்த்தார். பெட்டியின் அடியில், கேபிள் நுழைகிற துளை வழியாக நூல்போலத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஷட்டவுன் வாங்கித் திறந்து பார்த்தார்கள். துளையின் கூர்மையான விளிம்பில் உரசி ஒரு கம்பியின் தோல் கிழிந்திருந்தது. செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. அந்தக் கம்பி ஒரே ஓர் இடத்தில்தான் பூமியைத் தொடவேண்டும். மழை நாளில் இந்தக் கிழிசல் வழியாக இரண்டாவது இடத்திலும் தொட்டது. மின்னல் மண்ணில் இறங்கும்போதெல்லாம், லைனில் இல்லாத மின்னோட்டம் அந்தக் கம்பியில் ஓடி, ரிலேயை ஏமாற்றியிருக்கிறது. காய்ந்த நேரத்தில் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

பொய் சொன்னது யார் என்று தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தவர் யோகீஷ். அதுவும் பெண்டாட்டியோடு போன் பேசிக்கொண்டு.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை என்பதே சரி. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியை அவர் பிசைந்துகொண்டிருந்ததை மட்டும் பார்த்தேன்.

கம்பியை மாற்றினார்கள். யோகீஷ் ரிலேயை இறுதியாக ஒருமுறை சோதித்தார். கௌடர் தோளைத் தட்டினார், ஆபரேட்டர்கள் கை குலுக்கினார்கள், லைன்மேன் மோனப்பா அவரைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டார். பிரேக்கர் மூடப்பட்டது, ஊருக்கு மின்சாரம் போயிற்று. கௌடர் சுடச்சுடக் கோளிபஜெ போண்டா வரவழைத்திருந்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டு டீ அறைக்குப் போனார்கள். பணியில் இருந்ததால் நான் போகவில்லை. அக்காவும் போகவில்லை.

கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு தலைவாசல் பேனலுக்கு முன்னால் போய் நின்றார். யோகீஷ் தொட்ட திருகுகளில் பொட்டெல்லாம் வெடித்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

"பட்ரே. இங்க வாங்க."

அந்தக் குரலில் அப்படி ஓர் இனிமையை நான் கேட்டதில்லை. போனேன். விரலால் காட்டினார். ரிலேவுக்கும் பிரேக்கருக்கும் நடுவே விரல்கடை நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு உண்டு. லிங்க் என்போம். சோதிக்கும்போது பிரேக்கர் விழாமலிருக்க அதைத் திறந்துவைப்பார்கள், முடிந்ததும் மூடவேண்டும். அது திறந்தே கிடந்தது. ரிலே தொண்டை கிழியக் கத்தினாலும் பிரேக்கருக்குக் கேட்காது. அந்தக் கூடத்துக்குள் ஏதாவது வெடித்தால், மேலே இருக்கிற அடுத்த காவல் விழித்துக்கொள்வதற்குள் அங்கே நிற்கிறவன் கரியாகியிருப்பான். அங்கே நிற்கிறவன் பெரும்பாலும் நான்தான்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றேன்.

"நல்லாப் பாத்துக்குங்க. நீங்கதான் சாட்சி."

சொல்லிக்கொண்டே அவர் வலது கை ஸ்க்ரூடிரைவரோடு போயிற்று. லிங்க்கைத் தள்ளி மூடியது. திருகை இறுக்கியது. கண்ணிமைக்கும் நேரம். பிறகுதான் தன் கை செய்ததை அவர் பார்த்தார்.

"அப்பே! மூடிட்டேனே!"

"மூடத்தானேக்கா வேணும்?"

"போட்டோ எடுத்திருக்கணும், மாராயரே! கௌடர் சாரைக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கணும். இப்போ யாரு நம்புவா? பொறாமையில சொல்றாள்னு சொல்ல மாட்டாங்களா?"

சொல்லமாட்டார்களா என்ன?

போனை எடுத்து கேமராவைத் திறந்தார். ஸ்க்ரூடிரைவரை மறுபடி திருகின்மேல் வைத்தார். திறந்து, ஒரு படம் எடுத்து, மூடிவிடலாம். சில விநாடி வேலை. யாரும் கேட்கப்போவதில்லை. வெளியே இடி உருண்டது. அவர் நுனிவிரல் வெளுத்துப்போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்க்ரூடிரைவர் அசையவில்லை.

"கை போகமாட்டேங்குது, பட்ரே," என்றார். "சனியன், கை போகமாட்டேங்குது."

போனை உள்ளே போட்டார். திருகுகளுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து, ஊதி, குப்பியை மூடினார். "கொஞ்ச நேரம் உங்க ஹெல்ப்பர் மோகனை உட்காரச் சொல்லிட்டு வாங்க. பஜெ தீர்ந்துடும்," என்றார்.

டீ அறையில் யோகீஷ் மனைவியின் போன் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "மல்லிகைப்பூ வாங்கிட்டு வரச் சொன்னா சார். அந்தப் பூதான் தாலுகாவைக் காப்பாத்திச்சு!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கௌடர் அக்காவைப் பார்த்தார்.

"வாம்மா சுகந்தி. நீயும் யோகீஷ்கிட்ட கொஞ்சம் கத்துக்கணும். எப்பப் பார்த்தாலும் ரிலே முன்னாலயே உட்கார்ந்திருந்தா ஆகுமா? வெளிய நடக்கணும்."

அக்கா ஒரு கோளிபஜெயை எடுத்து, சட்னியில் தோய்த்து, மெதுவாக மென்று விழுங்கினார்.

"ஏன் யோகீஷா," என்றார். "லிங்க்கை மூடினியா?"

சிரித்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே நின்றுபோனார். ஞாபகம் அவர் முகத்தில் ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி நடந்து போவது தெரிந்தது. கையிலிருந்த டீ தளும்பிச் சட்டையில் ஊற்றியது. "மூ... மூடி..."

"மூடியிருக்கு," என்றார் அக்கா. "பாத்துட்டுத்தான் வந்தேன். சும்மா கேட்டேன்."

"அவன் மூடாம இருப்பானா?" என்று கௌடர் சிரித்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். யோகீஷ் சிரிக்கவில்லை.

சற்றுப் பொறுத்து வராந்தாவில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் கண்ட்ரோல் அறைக்குத் திரும்பும் வழி அதுதான்.

"சுகந்தியக்கா, நான் மூடல. எனக்கு நல்லாத் தெரியும், நான் மூடல."

"தெரியுமே."

"உள்ள பட்ரு இருந்தாரே, அவரும் பாத்திருப்பாரு... நான் போய் கௌடர் சார்கிட்ட சொல்லிடறேன். நீங்கதான் பாத்து மூடினீங்கன்னு..."

"வாயை மூடு," என்றார் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "நீ போய்ச் சொல்லுவே. உடனே அவங்க என்ன சொல்லுவாங்க? 'ஆகா, யோகீஷைப் பாரு, தன் தப்பைத் தானே ஒத்துக்கிட்டான், எவ்வளவு பெரிய மனசு!' அதுக்கும் உனக்குத்தான் கை தட்டுவாங்க. அதை வேற நான் நின்னு பாக்கணுமா?"

யோகீஷ் திறந்த வாயை மூடவில்லை.

"இது எங்கிட்ட இருக்கட்டும்," என்றார் அக்கா. "உங்கிட்ட இருக்கிறது போதாதா? இது ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்."

யோகீஷ் அதை எங்கும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த நிலையத்தில் வேலை முடித்தாலும், கிளம்புவதற்கு முன் அக்காவுக்குப் போன் செய்வார். "மூடிட்டேன் அக்கா." மறுமுனையில் அக்கா சொல்வதும் ஒன்றுதான்: "மறுபடி போய்ப் பாரு." போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கமாட்டார். "பிள்ளைகுட்டிக்காரன், இந்த வயசுல இவனுக்கு நான் ஆயா வேலை பாக்கணும்," என்று என்னிடம் சலித்துக்கொள்வார். ஒருநாள் அந்த அழைப்பு வரவில்லை. அன்று பகல் முழுக்க அக்கா எடுத்த வேலை எதையும் முடிக்கவில்லை. கடைசியில் தானே கூப்பிட்டு, அவர் காய்ச்சலில் படுத்திருப்பது தெரிந்ததும், "காய்ச்சல்னா போன் பண்ணக் கூடாதா? கைக்குமா காய்ச்சல்?" என்று கத்திவிட்டு வைத்தார்.

பொறியாளர் தினத்துக்கு மங்களூரில் விழா எடுத்தார்கள். அத்திப்பள்ளக் கோளாறைக் கண்டுபிடித்ததற்காக யோகீஷுக்குப் பாராட்டு. நானும் போயிருந்தேன். அக்கா பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த நாத்தனார்போல முகத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் யோகீஷுக்கு மைசூர்த் தலைப்பாகை வைத்தார்கள். "பெரிய சைஸ் கிடைக்கலியாமா, தலையில நிக்கவே இல்லையே," என்றார் என் காதில். மாலை போட்டார்கள். "சம்பங்கி. வாடிப்போனது." சரிகைக் கரையிட்ட சால்வையைப் போர்த்தினார்கள். அதற்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

யோகீஷ் மைக்கைப் பிடித்தார். நன்றி சொன்னார், மனைவியின் மல்லிகைப்பூவைச் சொன்னார், கூட்டம் சிரித்தது. பிறகு எங்கள் வரிசையைப் பார்த்து, "இன்னும் ஒருத்தருக்கு..." என்று ஆரம்பித்தார். அக்கா நாற்காலி நுனிக்கு வந்து கண்ணை உருட்டினார். "...அத்திப்பள்ள வாட்ச்மேனுக்கு, குடை கொடுத்ததுக்கு," என்று முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

நேராக எங்களிடம்தான் வந்தார். அக்காவுக்கு அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. சால்வையைக் கழற்றி அதில் போட்டுவிட்டு, அதற்கு அடுத்ததில் உட்கார்ந்தார். விளக்குகளை அணைத்தார்கள், ஊழியர்களின் யக்ஷகானம் தொடங்கியது. செண்டை முழங்கியது. யோகீஷ் மேடையைப் பார்த்து வாயைப் பிளந்தபடி இருந்தார். கூடத்தில் ஏசி குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

அக்காவின் கண்ணும் மேடையில்தான் இருந்தது. கை மட்டும் இருட்டில் மெல்லப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. சால்வையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தது. சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாரும் தூங்குகிற வீட்டில் யாரும் எழாத வண்ணம் கதவை இழுப்பதுபோல, அதை இழுத்துத் தன் முழங்கால்களின்மேல் பரப்பிக்கொண்டது.